மீண்டும் வரும் ஒலி: இளையராஜாவின் இசைக்கோப்பும் மலாக்காத் தோட்டத் தமிழரின் கேட்பு மரபும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் மூன்று வகைச் சான்றுகளை நாடுவர். குடியேற்ற ஆட்சியின் ஆவணங்கள், செய்தித்தாள்கள், படைப்பிலக்கியங்கள் என்பன அவை. இம்மூன்றும் எழுத்தால் ஆனவை. ஆனால், தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்கள் தம் நாளின் பெரும்பகுதியை எழுத்தோடு கழித்தவர்கள் அல்லர், ஒலியோடு கழித்தவர்கள். பெரட்டுக் களத்து மணி, கோயில் மேளம், ஒப்பாரி, தாலாட்டு, வானொலி, ஒலிநாடா ஆகியவை அவர்தம் வாழ்வின் பிரிக்கவியலாப் பகுதிகளாக இருந்தன. இவ்வொலியுலகம் நம் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறவில்லை.

இக்குறையைக் கருத்திற் கொண்டு இக்கட்டுரை ஒரு குறிப்பிட்ட வினாவை எழுப்புகின்றது. செவ்வியல் இசையையும் மின்னணு இசையையும் இணைத்த இளையராஜாவின் இசைக்கோப்பு, மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் வாழ்ந்த தமிழரிடையே அயன்மை தோன்றாமல் வேரூன்றியது எவ்வாறு? இதற்கு விடை காண, முதலில் மேலைநாட்டில் ‘மினிமலிசம்’ எனப்பெறும் இசைமுறையையும், அடுத்துத் தமிழ் மரபிலுள்ள மீள்வரவுக் கூறுகளையும் நோக்கி, அதன்பின் மலாக்காவிற்கு வருவோம்.

மினிமலிச இசையின் தோற்றம்

மினிமலிசம் என்பது மிகச் சில சுரக்கூறுகளை எடுத்துக்கொண்டு, அவற்றைத் திரும்பத் திரும்ப இசைத்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறு மாற்றத்தை நுழைத்துச் செல்லும் இசைமுறையாகும். 1960களில் அமெரிக்காவில் இஃது உருப்பெற்றது. டெர்ரி ரைலி 1964இல் படைத்த ‘இன் சி’ என்னும் இசைப்படைப்பு 53 குறுந்தொடர்களால் மட்டுமே ஆனது. ஒவ்வொரு கலைஞரும் ஒரு தொடரைத் தாம் விரும்பும் அளவு திரும்ப இசைத்துவிட்டு அடுத்த தொடருக்குச் செல்லலாம். ஸ்டீவ் ரைக் 1965இல் ஒலிநாடாத் துண்டைச் சுற்றவிட்டு, ஒரே சொற்றொடர் ஓயாது மீண்டு வரும்படி செய்தார். மின்கருவியும் மீள்வரவும் தொடக்கத்திலேயே கைகோத்தன என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வியக்கத்தின் வேர்களுள் ஒன்று இந்தியாவில் உள்ளது. பிலிப் கிளாஸ் 1960களின் நடுவில் பாரிஸ் நகரில் பண்டிதர் ரவிசங்கருடன் திரைப்படப் பணியொன்றில் ஈடுபட்டார். இந்தியத் தாளக் கணக்கை ஐரோப்பியக் குறியீட்டில் எழுத முயன்றபோது, சிறு அலகுகளைக் கூட்டிக் கூட்டிப் பெருக்கும் முறையை அவர் கண்டுகொண்டார். தம் இசைநடைக்கு அதுவே திருப்புமுனை ஆயிற்று என்பதை அவரே பின்னர்ப் பதிவு செய்துள்ளார். 1980இல் ரோட்டர்டாம் நகரில் அரங்கேறிய அவருடைய ‘சத்தியாகிரகம்’ என்னும் இசைநாடகம் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய போராட்டத்தைப் பொருளாகக் கொண்டது. பகவத்கீதையின் சமசுகிருத மூலமே அதன் பாடல்மொழி. 1913ஆம் ஆண்டின் நியூகாசில் நடைப்பயணம் அதன் இறுதிப் பகுதியில் இடம்பெறுகின்றது. அப்பயணத்தில் நடந்தோருள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலர். மலாயாவிற்கு நம் முன்னோரைக் கொணர்ந்த ஒப்பந்த முறைக்கு உடன்பிறந்த முறையே நேட்டாலிலும் நிலவியது. ஆக, மினிமலிச இசையின் பெரும் படைப்புகளுள் ஒன்று, தோட்டத்திலும் சுரங்கத்திலும் உழைத்த தமிழரைத் தன் கதையில் கொண்டுள்ளது. இச்செய்தி நம் ஆய்வாளரிடையே போதிய அளவு அறியப்படவில்லை.

தமிழ் மரபில் மீள்வரவு

மீள்வரவை ஒரு கலைநெறியாகக் கொள்வது தமிழருக்குப் புதிதன்று. ஒரு சொல் அடுக்கி வருவதைத் தொல்காப்பியம் இசைநிறை, அசைநிலை, பொருளொடு புணர்தல் என மூவகைப்படுத்துகின்றது. பொருள் தராதபோதும் ஓசையை நிறைப்பதற்காகச் சொல் மீண்டு வரலாம் என்பதை இலக்கணமே ஏற்றுக்கொண்டது. தாழிசைகள் ஒரு பொருள் மேல் மூன்றடுக்கி வருவதும் இந்நெறியின் பாற்பட்டதே. சிலப்பதிகாரத்து வரிப்பாடல்களையும் குரவைப் பாடல்களையும் வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர்.

கருநாடக இசையிற் ‘சங்கதி’ எனப்படுவதும் இதுவே. பாடலின் ஓரடி மீண்டும் மீண்டும் பாடப்பெறுகின்றது. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வளைவு கூடுகின்றது. கேட்பவர் சொல்லை முன்பே அறிந்துவிட்டமையால் அவர் செவி மாற்றத்தை மட்டும் பின்தொடர்கின்றது. நாட்டுப்புற மரபிலோ இது மேலும் வெளிப்படை. ஒப்பாரியில் ஒரே இசைவடிவம் நெடுநேரம் திரும்ப வர, விளிப்பெயரும் துயரச் செய்தியும் மட்டும் மாறுகின்றன. கும்மியில் அடி வைப்பும் கைத்தட்டும் மாறாதிருக்கக் கதை நகர்கின்றது. உறுமி மேளத்தில் ஒரு குறுகிய தாளக்கட்டு நீண்ட நேரம் மீண்டு ஒலித்து, மெல்ல விரைவுபெற்று, அருள் வந்து ஆடும் நிலைக்கு இட்டுச் செல்கின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்க மினிமலிசம் ஒப்பாரியிலிருந்து பிறந்தது என்றோ, தமிழர் அதனை முன்பே கண்டுபிடித்துவிட்டனர் என்றோ நாம் கூறவில்லை. அத்தகைய கூற்றுகள் ஆய்வுக்குப் பெருமை சேர்ப்பதில்லை. இரு மரபுகளும் ஒரே கலைநெறியை வெவ்வேறு சூழலில் கையாண்டன என்பதே நம் கருத்து. எனவே, மீள்வரவு மிகுந்த இசையொன்று தமிழ்ச் செவியை அடைந்தபோது, அதனைப் பெறுவதற்குரிய பயிற்சி அச்செவிக்கு ஏற்கெனவே இருந்தது எனலாம்.

மலாக்காத் தோட்டங்களின் ஒலியுலகம்

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக வளர்க்கப்பட்ட வரலாறு மலாக்காவில்தான் தொடங்குகின்றது. 1896இல் தான் சே யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் புக்கிட் ஆசகானில் பெரும் பரப்பில் தோட்டம் அமைந்தது. ஜாசின், மெர்லிமாவ், கெமெண்டோர், அலோர் காஜா, பத்தாங் மலாக்கா, தெபோங் ஆகிய வட்டாரங்களில் தமிழர் குடியிருப்புகள் உருவாயின. ஒப்பந்த முறை 1910இல் முடிவுற்றது. அதன்பின் கங்காணி முறையே ஆள் சேர்ப்பின் முதன்மை வழியாயிற்று. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கவே அதுவும் நின்றது.

தோட்ட வேலையே ஒரு மீள்வரவுதான். விடியுமுன் மணி ஒலிக்கும், பெரட்டு நடைபெறும், பின் அவரவர் நிரைக்குச் செல்வர். பால்மரம் வெட்டுபவர் ஒரு நாளில் 300 முதல் 500 மரங்கள் வரை வெட்டுவதுண்டு. ஒவ்வொரு மரத்திலும் அதே சாய்கோடு, அதே உளி அசைவு, அதே ஒட்டுப்பால் அகற்றல், அதே மங்கு வைப்பு. பின்னர் அதே வரிசையிற் பால் சேர்ப்பு. பட்டையின் மிக மெல்லிய சீவல் மட்டுமே நேற்றைய வெட்டையும் இன்றைய வெட்டையும் வேறுபடுத்தும். பால்மரம் வெட்டுதல் தனியாள் வேலை. அதனைக் கூட்டுப் பாடலுக்குரிய வேலை என்று கூறுவதற்கில்லை. புல் வெட்டுதலும் பிற கூட்டு வேலைகளுமே பாடலுக்கு இடமளித்தன. மாலையில் லயத்து வாசலும், திருவிழாக் காலத்தில் மாரியம்மன் கோயில் திடலும், இறப்பு நேர்ந்த வீட்டு முற்றமும் பாட்டின் களங்களாயின. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தொகுத்தளித்த நாட்டுப்புறப் பாடல்கள் இவ்வாய்மொழிச் செல்வத்தின் ஒரு பகுதியைக் காத்துள்ளன. ஆயினும் அவை சொற்களைக் காத்தன. குரலையும் தாளத்தையும் அச்சு காக்கவியலாது.

உழைப்பின் மீள்வரவும் இசையின் மீள்வரவும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறத்தலாகாது. முன்னது பிறரால் விதிக்கப்பட்டது. துரையும் கிராணியும் தண்டலும் அதன் வேகத்தை வகுத்தனர். பின்னது மக்கள் தாமே தேர்ந்துகொண்டது. பகலெல்லாம் தம்மை இயந்திரமாக்கிய அதே நெறியை மாலையில் தம் உணர்வுக்குரிய மொழியாக அவர்கள் மாற்றிக்கொண்டனர். தோட்டத் தமிழரின் இசையில் வரலாற்றாசிரியர் கவனிக்க வேண்டிய முதன்மைச் செய்தி இதுவே என்பது நம் துணிபு.

பண்ணைப்புரம் முதல் மின்னிசை வரை

1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் இசைப்பயணமும் தோட்டத் தொழிலாளரைத் தொட்டே தொடங்குகின்றது. அவ்வூர் கேரள எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில் உள்ளது. அவருடைய தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடியவர். தேயிலைத் தோட்டத் தமிழர் நிறைந்த தேவிகுளம் தொகுதியில் 1958இல் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய பாடல்கள் ஒலித்தன. பதின்பருவத்தில் அக்குழுவில் இணைந்த இளையராஜா ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்று இசைத்தார். 1960களின் இறுதியிற் சென்னை வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் செவ்வியல் இசையைக் கற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது.

அவரை மினிமலிச இசைஞர் என்று எவரும் வகைப்படுத்துவதில்லை. நாமும் அவ்வாறு முத்திரையிட விரும்பவில்லை. அவருடைய பல்லியம் செறிவானது. பல குரல்கள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்வது. எனினும், மினிமலிசத்தின் உயிர்நிலையான தற்கட்டுப்பாடு அவரிடம் உண்டு. 1985இல் வெளிவந்த ‘சிந்து பைரவி’ படத்தில் இடம்பெற்ற ‘கலைவாணியே’ என்னும் பாடல், கலியாணி இராகத்தின் ஆரோகணத்தை மட்டும் கொண்டு அமைந்தது; அவரோகணம் முற்றிலும் தவிர்க்கப்பட்டது. தமக்குத் தாமே ஒரு வேலியிட்டு, அவ்வேலிக்குள் உணர்ச்சியின் முழுப் பரப்பையும் காட்டும் இந்நெறியும், 53 குறுந்தொடர்களுக்குள் நின்ற ரைலியின் நெறியும் தம்முள் நெருங்கியவை.

1986ஆம் ஆண்டு இவ்வகையிற் கவனத்திற்குரியது. அவ்வாண்டில் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் தனியிசைத் தொகுப்பை வெளியிட்டுத் தியாகராசருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக்கினார். சங்கதியின் பேராசானும், ஒரு சிறு கருவை மீட்டு மீட்டு மாளிகை எழுப்பிய செருமானிய மேதையும் ஒரே தொகுப்பில் சந்தித்தனர். அதே ஆண்டிற் ‘புன்னகை மன்னன்’ வெளிவந்தது. தமிழ்த் திரையிற் கணினியின் துணையோடு இசையமைக்கப்பட்ட தொடக்கப் படங்களுள் அஃது ஒன்று. அதன் கருப்பொருள் இசை சொல்லற்றது. மின்னணு ஒலிகளால் ஆனது. அதே 1986இல் பிலிப் கிளாஸ் பரப்பிசைக் கவிஞர்களின் சொற்களைக் கொண்டு ‘சாங்ஸ் ஃப்ரம் லிக்விட் டேஸ்’ என்னும் பாடல் தொகுப்பை வெளியிட்டார். ஒருவர் செவ்வியல் அரங்கிலிருந்து மக்களிசையை நோக்கி வந்தார். மற்றவர் மக்களிசையிலிருந்து செவ்வியல் அரங்கை நோக்கிச் சென்றார். இருவருக்குமிடையே நேரடித் தாக்கம் இருந்தது என்பதற்கில்லை. காலத்தின் கருவிகள் இருவர் கையிலும் ஒருங்கே வந்து சேர்ந்தன என்பதே பொருத்தம்.

இதே காலத்தில் மலேசியா 1985-86ஆம் ஆண்டுகளின் பொருளாதாரச் சரிவைச் சந்தித்துக்கொண்டிருந்தது. ரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கு மாறிவந்தன. தோட்டத்து இளையோர் நகரத் தொழிற்சாலைகளை நாடினர். அவர்களோடு வானொலிப் பெட்டியும் ஒலிநாடாவும் பயணம் செய்தன. ஒரே நாடாவை முன்னும் பின்னும் சுற்றி, தேய்ந்து போகும் வரை கேட்பது அக்காலத்து வழக்கம். ஒலிநாடா என்னும் கருவியே மீள்வரவைக் கேட்பவரின் கைக்குக் கொடுத்தது. கோயில் திருவிழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் உள்ளூர் இசைக்குழுக்கள் இப்பாடல்களை மின்விசைப்பலகையில் வாசித்தன. உறுமி மேளக் குழுக்களோ திரைமெட்டுகளை இறைவழிபாட்டுப் பாடல்களாக்கிக் கொண்டன. மின்னொலி வடிவில் வந்த தாளம், இவ்வாறு மீண்டும் தோலிசைக் கருவிக்குத் திரும்பியது. கேட்ட மக்கள் வெறும் நுகர்வோராக நிற்கவில்லை. பெற்றதைத் தம் மரபிற்கேற்ப மாற்றியமைத்த படைப்பாளராகவும் விளங்கினர்.

தோட்டத்திலிருந்து நகரத்திற்கு

இம்மாற்றியமைப்பின் அடுத்த கட்டம் 2006இல் வெளிப்பட்டது. மலேசியாவைச் சேர்ந்த யோகி பி, நட்சத்திரா குழுவினர் ‘வல்லவன்’ என்னும் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பை வெளியிட்டனர். அதில் இடம்பெற்ற ‘மடை திறந்து’, இளையராஜா 1980இல் ‘நிழல்கள்’ படத்திற்கு அமைத்த பாடலின் மறுவடிவமாகும். ‘நிழல்கள்’ வேலையற்ற இளைஞரின் கதை. அப்பாடல் இசையமைப்பாளனாக விரும்பும் ஓர் இளைஞனின் கனவு. நகர அடுக்குமாடிகளில் வளர்ந்த மலேசியத் தமிழ்த் தலைமுறை தன் குரலை உலகிற்கு அறிவிக்க இப்பாடலைத் தேர்ந்தது தற்செயலன்று. பழைய பதிவின் ஒரு கூற்றை எடுத்துச் சுழலவிட்டு, அதன்மேல் புதுச்சொல்லை அடுக்கும் சொல்லிசை முறை, 1965இல் ரைக் கையாண்ட நாடாச் சுழற்சியை நினைவூட்டுகின்றது. நிலைத்த மெட்டின்மேல் புதிய செய்தியை ஏற்றும் ஒப்பாரியையும் நினைவூட்டுகின்றது. இந்தியத் தமிழிசையைப் பெற்றுக்கொள்ளும் நாடாக மட்டும் கருதப்பட்ட மலேசியா, இத்தொகுப்பின் வழி தமிழகத்து இளையோரும் விரும்பிக் கேட்ட ஒரு படைப்பைத் திருப்பித் தந்தது.

சொல்லற்ற இசையும் நம் துறையும்

இவ்வளவும் நிகழ்ந்திருக்க, தமிழாய்வுலகம் இதனை எவ்வாறு அணுகியது? 2005இல் இளையராஜாவின் ‘திருவாசகம்’ வெளிவந்தபோது தமிழறிஞர் பலர் அதனை வரவேற்றனர். காரணம் அதில் மாணிக்கவாசகரின் சொல் இருந்தது. ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பிற்கோ, ‘புன்னகை மன்னன்’ படத்தின் கருப்பொருள் இசைக்கோ, 2025 மார்ச்சு 8இல் லண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’ சிம்பொனிக்கோ தமிழ்த்துறைகளில் அத்தகைய கவனம் கிட்டவில்லை; காரணம் அவற்றிற் சொல் இல்லை. திரைப்பாடலை ஆராயும்போதும் நாம் பாடல்வரியை எடுத்து உவமையையும் உருவகத்தையும் எண்ணுகின்றோம். மெட்டையும் தாளத்தையும் விட்டுவிடுகின்றோம். சொல்லின்றித் தமிழ் இல்லை என்னும் எண்ணம் நம்மை அறியாமலே நம் ஆய்வுமுறையாகிவிட்டது.

நம் முன்னோடிகள் இவ்வாறு இருந்தவர்கள் அல்லர். 1917இல் ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ நூலில் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். 1947இல் விபுலானந்த அடிகள் ‘யாழ் நூல்’ வழி, மறைந்த கருவியொன்றின் ஒலியை இலக்கியச் சான்றும் கணிதமும் கொண்டு மீட்டெடுக்க முயன்றார். மறைந்த யாழின் ஒலியைத் தேடிய மரபில் வந்த நாம், நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கும் லயத்தின் ஒலியைப் பதிவு செய்யாதிருப்பது முரணாகும்.

மலாக்காவிற் காலம் குறுகியது. 2008இல் மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் நிற்கும் தெருவும் அம்மரபுடைமைப் பரப்பில் அடங்கும். மலாக்காச் செட்டி சமூகத்தாரின் தொன்மையும் இன்று ஓரளவு அறியப்பட்டுள்ளது. அவர்கள் தமிழை வீட்டுமொழியாக இழந்த பின்னும் வழிபாட்டையும் சடங்கையும் காத்தவர்கள். மொழி தேய்ந்த இடத்திலும் மரபு வேறு வழிகளில் நீடிக்கும் என்பதற்கு அவர்களே சான்று. ஆனால், தோட்டத்து லயங்கள் எந்த மரபுடைமைப் பட்டியலிலும் இல்லை. கல்லாலும் காரையாலும் ஆனவை காக்கப்படுகின்றன. பலகை வீட்டின் முன் பாடப்பட்டவை காற்றோடு போகின்றன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், மீள்வரவு என்பது கற்பனை வறட்சியின் அடையாளமன்று. தமிழ் இலக்கணமும் இசையும் நாட்டுப்புற வழக்கும் போற்றிய ஒரு கலைநெறி என்பது பெறப்படுகின்றது. அந்நெறியிற் பயின்ற செவியோடு வாழ்ந்தமையாலேயே மலாக்காத் தோட்டத் தமிழர், செவ்வியலும் மின்னொலியும் கலந்த இளையராஜாவின் இசையைத் தமதாக்கிக் கொண்டனர் என்பது இக்கட்டுரையின் முடிபு. அவர்களைத் திரைப்பாட்டில் மயங்கிய பாமரர் எனக் கருதிய பழைய மதிப்பீடு மறுபரிசீலனைக்கு உரியது.

இம்முடிபு நிறுவப்பட வேண்டுமாயின் சான்றுகள் திரட்டப்பட வேண்டும். அப்பணிக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே மிகவும் தகுதியுடையோர். மாணவரின் பாட்டன் பாட்டியரிடம் பெயர், ஊர், நாள் ஆகிய குறிப்புகளோடு பாடல்களை ஒலிப்பதிவு செய்யலாம். பயனற்றவை என ஒதுக்கப்பட்ட ஒலிநாடாக்களையும், உள்ளூர் இசைக்குழுக்களின் அழைப்பிதழ்களையும், திருவிழாப் பதிவுகளையும் திரட்டலாம். எந்தப் பாடல் எந்தச் சடங்கில் எந்த மெட்டில் பாடப்பட்டது என்பதைக் குறிக்கலாம். பாடியவரின் இசைவைப் பெற்ற பின்னரே இவையனைத்தையும் செய்தல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் அப்பதிவுகளைப் பேணிக்காக்கும் ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும். ரப்பர்த் தோட்ட வாழ்வை இளமையிலேயே அறிந்த தலைமுறை இன்று முதுமையை எட்டிவிட்டது. அவர்கள் பாடுவதை மீண்டும் ஒருமுறை கேட்கும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளே நமக்கு உண்டு.